பொடிசுகளோடு மண்ணும் வானமும்: வாசகர் கேள்வி பதில்

இரண்டு இதழ்களுக்கு முன்னால் போகிற போக்கில் ஒரு வரி எழுதிவிட்டேன், "ஆறு வயதுப் பிள்ளைக்குக் கோளரங்கத்தைவிட மைதானத்தில் விழும் தன் நிழல் பெரிய பாடம்" என்று. அதற்கு வந்த கடிதங்களில் பாதி சண்டைக்கு, மீதி சந்தேகத்துக்கு. ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளைப் பூமி, வானம் பற்றிய களப்பயணத்துக்குக் கூட்டிப் போவது குறித்து வந்தவற்றை மட்டும் இந்த முறை எடுத்துக்கொள்கிறேன். சண்டைக் கடிதங்களுக்கும் பதில் உள்ளே இருக்கிறது, தேடிக்கொள்ளுங்கள்.

கேள்வி: போன வருடம் எங்கள் இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் 72 பேரைக் கோளரங்கத்துக்குக் கூட்டிப் போனோம். மறுநாள் "என்ன பார்த்தீங்க?" என்று கேட்டால் பாதிப் பேர் பஸ்ஸில் ஜன்னல் சீட்டுக்கு நடந்த சண்டையைச் சொல்கிறார்கள். ஒருவன் மட்டும் "நாற்காலி பின்னாடி சாயும் மிஸ்" என்றான். இந்த வருடமும் அங்கேயே போகலாம் என்கிறது நிர்வாகம். வேண்டாம் என்று சொல்லிவிடலாமா?
– ஓர் ஆசிரியை

பதில்: சொல்லாதீர்கள் டீச்சர். நாற்காலி சாயும் என்று சொன்ன பையனை எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது. அவன் கவனித்ததைச் சொல்லியிருக்கிறான். மற்றதைக் கவனிக்க அவனுக்கு யாரும் ஒரு காரணம் கொடுக்கவில்லை, அவ்வளவுதான்.

கோளரங்கத்தால் மட்டும் முடிகிற காரியம் ஒன்று உண்டு. பகல் பதினோரு மணிக்கு இருட்டை வரவழைத்து, ஓர் இரவு முழுக்க வானம் நகர்வதை இரண்டே நிமிடத்தில் ஓட்டிக் காட்டும். ஜெர்மனியின் மியூனிக் நகரில் 1923-ல் முதல் நவீனக் கோளரங்கக் கருவி காட்டப்பட்டபோது ஜனங்களை வாய்பிளக்க வைத்தது இதுதான். இன்றைக்கு உள்ள டிஜிட்டல் படங்களில் கருந்துளைக்குள் விழலாம், செவ்வாயில் பறக்கலாம், எல்லாம் சரி, ஆனால் ஏழு வயதுப் பிள்ளைக்கு அது டிவியில் பார்க்கிற இன்னொரு கார்ட்டூன். வானம் நகர்கிறது என்பதுதான் அதற்குச் செய்தி.

நானும் பட்டவன். ஒருமுறை ஒரு மையத்தில் எந்தக் காட்சி என்று கேட்காமலே பதிவு செய்துவிட்டேன். உள்ளே போனால் நட்சத்திரங்கள் வெடித்துச் சாவதைப் பற்றிய படம், நாற்பத்தைந்து நிமிடம், பதிவு செய்யப்பட்ட கனத்த குரல். விளக்கு சட்டென்று அணைந்ததுமே முன் வரிசையில் ஒரு பெண் குழந்தை அழ ஆரம்பித்தாள், அவளைப் பார்த்து இன்னும் இரண்டு பேர். அவர்களைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்து வராந்தாவில் உட்கார்ந்திருந்தபோது அவர்களில் ஒருத்தி கேட்டாள்: "சூரியனும் வெடிக்குமா?" அந்தப் படத்தில் அதற்குப் பதில் இருந்திருக்கலாம், அவளுக்குத்தான் பொறுமை இல்லை. சூரியன் அப்படி வெடிக்காது, இன்னும் சுமார் 500 கோடி வருடம் இப்படியே எரியும் என்று சொன்னேன். "அப்போ நாளைக்கு வருமா?" என்றாள். வரும் என்றேன். அதற்கப்புறம்தான் தண்ணீர் குடித்தாள்.

அதிலிருந்து பதிவு செய்யும்போதே கேட்டுவிடுகிறேன். ஆள் நின்று பேசும் காட்சி உண்டா, பிள்ளைகள் நடுவில் கை தூக்கிக் கேட்கலாமா, விளக்கை மெல்ல மெல்ல மங்கவைப்பார்களா, மொத்தம் எத்தனை நிமிடம். இருபத்தைந்து நிமிடத்துக்கு மேல் என்றால் சுருக்கித் தரச் சொல்லுவேன், பல இடங்களில் செய்கிறார்கள். 72 பேரை ஒரே பஸ்ஸில் அள்ளிப் போவதையும் விட்டுவிடுங்கள். இரண்டு நாள், 36 பேராக. நிர்வாகம் முணுமுணுக்கும், முணுமுணுக்கட்டும்.

அப்புறம், போவதற்கு முந்தைய வாரம் வகுப்பில் ஒரே ஒரு கேள்வியைக் கரும்பலகையில் எழுதி அழிக்காமல் வையுங்கள். "ராத்திரி முழுக்க நட்சத்திரம் ஒரே இடத்தில் நிற்குமா, நகருமா?" பிள்ளைகள் இரு கட்சியாகப் பிரிந்து சண்டை போடட்டும். அந்தச் சண்டையோடு கோளரங்கத்துக்குள் போனவர்கள் வானம் சுழலத் தொடங்கியதும் கத்துவார்கள். நகரும் கட்சி ஜெயிக்கும், ஆனால் துருவ நட்சத்திரம் மட்டும் கிட்டத்தட்ட அசையாமல் நிற்பதை யாராவது ஒரு குட்டி கண்டுபிடித்து எதிர்க்கட்சிக்கு உயிர் கொடுக்கும் (நிலநடுக்கோட்டுக்கு வடக்கே உள்ள வானத்தைக் காட்டச் சொல்லுங்கள், தெற்கில் துருவ நட்சத்திரம் தெரியாது). பேச்சாளரிடம் முன்கூட்டியே இதைச் சொல்லிவைத்தால் போதும், மற்றதை அவர் பார்த்துக்கொள்வார்.

கேள்வி: எங்களுடையது சின்னப் பள்ளி. பஸ்ஸுக்குப் பணம் கிடையாது. மைதானம் இருக்கிறது, நாலு மரம் இருக்கிறது. இதை வைத்து "களப்பயணம்" என்று சொன்னால் பெற்றோர் சிரிப்பார்கள். நிஜமாகவே ஏதாவது செய்ய முடியுமா?
– ஒரு தலைமை ஆசிரியர்

பதில்: மைதானம் இருக்கிறதா? அப்புறம் எதற்கு சார் பஸ்?

வெயில் உள்ள நாளாகப் பாருங்கள். காலை ஒன்பது மணிக்குப் பிள்ளைகளை இரண்டிரண்டு பேராக நிறுத்துங்கள். ஒருவர் நிற்க, இன்னொருவர் சாக்பீஸால் நிற்பவரின் பாதத்தைச் சுற்றிக் கோடு போட்டு, பிறகு நிழலின் ஓரத்தையும் வரையவேண்டும். உள்ளே பெயரும் மணியும் எழுதிவிட்டு வகுப்புக்குப் போய்விடலாம். பன்னிரண்டு மணிக்குத் திரும்ப வந்து அதே பாதக்கோட்டுக்குள் காலை வைத்து நிற்கச் சொல்லுங்கள். நிழல் சின்னதாகிவிட்டது, போதாததற்கு வேறு பக்கம் விழுகிறது! முதல் தடவை பாதிப் பேர் காலை நகர்த்தி நகர்த்தி நிழலைப் பழைய கோட்டுக்குள் திணிக்கப் பார்ப்பார்கள். அதைத் தடுக்காதீர்கள். சரிக்கட்டவே முடியாது என்று அவர்களாகவே தெரிந்துகொள்கிற அந்த ஐந்து நிமிடம் உங்கள் பாடப்புத்தகத்தில் கிடைக்காது. மூன்று மணிக்கு மறுபடியும் ஒரு முறை. ஒரு நாளில் மூன்று பயணம், எல்லாம் நடந்தே.

பூமி மணிக்கு 15 பாகை சுழல்கிறது என்பதெல்லாம் பெரியவர்களுக்கு. பிள்ளைகளுக்குக் கொடிக்கம்பம் போதும். அதன் நிழல் நுனியில் ஒரு கூழாங்கல்லை வைத்துவிட்டு எல்லோரும் குத்துக்காலிட்டு உட்கார்ந்து பேசாமல் பாருங்கள். சில நிமிடங்களில் நிழல் கல்லை விட்டு விலகியிருக்கும். நான் பார்த்தவரை, "பூமி சுத்துது" என்ற வாக்கியம் பிள்ளைகளின் வயிற்றில் இறங்குவது அந்த நிமிடத்தில்தான். ஒன்றை மட்டும் கவனத்தில் வையுங்கள். நிழல் மிகக் குறுகுவது சரியாகக் கடிகாரத்தின் பன்னிரண்டுக்கு என்று சொல்லிவிடாதீர்கள். இடத்துக்கு இடம், மாதத்துக்கு மாதம் அது முன்பின்னாக இருக்கும். யாராவது ஒரு புத்திசாலி அளந்து பார்த்து உங்களை மடக்குவான்.

அடுத்து சூரியக் குடும்பம். சுவரில் ஒட்டியிருக்கும் படங்களில் எல்லாக் கோள்களும் அடுத்தடுத்து பந்தி உட்கார்ந்த மாதிரி இருக்கும், அதைப் பார்த்துப் பார்த்தே நமக்கெல்லாம் தூரம் மறந்துவிட்டது. எல்லாவற்றையும் ஆயிரம் கோடி மடங்கு சுருக்குங்கள். சூரியன் 14 சென்டிமீட்டர் பந்து. மைதானத்தின் ஒரு மூலையில் வையுங்கள். பூமி ஒரு கடுகு, 15 மீட்டர் தள்ளி. நிலா அந்தக் கடுகிலிருந்து நாலு சென்டிமீட்டருக்கும் கொஞ்சம் உள்ளே ஒரு பொடி மணல். மனிதன் இதுவரை கால் பதித்த தூரம் அந்த நாலு சென்டிமீட்டர்தான். வியாழன் ஒரு கோலி, 78 மீட்டர் தள்ளி. சனி 143 மீட்டர். அதற்குள் உங்கள் மைதானம் தீர்ந்துபோயிருக்கும், நெப்டியூனுக்கு 450 மீட்டர் நடக்கவேண்டும், வாசல் கேட்டைத் தாண்டிக் கைகாட்டிவிடுங்கள். சூரியனுக்கு அடுத்து நமக்குப் பக்கத்து நட்சத்திரம் எங்கே வைப்பது என்று கண்டிப்பாக ஒருவர் கேட்பார். இதே கணக்கில் 4,000 கிலோமீட்டர்.

சின்னப் பிள்ளைகளுக்கு மீட்டர் புரியாது என்பதால் அடி எண்ணி நடக்கவிடுங்கள். கடுகைப் பிடித்துக்கொண்டு நிற்கும் பிள்ளை முக்கியம். அது சூரியப் பந்தைத் திரும்பிப் பார்க்கும்போது பந்து நிஜ வானத்துச் சூரியன் தெரிகிற அதே அளவில் தெரியும். (நிஜச் சூரியனை நேராகப் பார்த்து ஒப்பிடச் சொல்லிவிடாதீர்கள். இதைப் பற்றிக் கீழே தனியாக ஒரு கேள்வி இருக்கிறது.)

மண்ணை விட்டுவிட்டேனே. ஒரு கண்ணாடி பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு மரத்தடி மண், மேலே தண்ணீர், மூடியை இறுக்கி நன்றாகக் குலுக்கி ஜன்னலோரம் வையுங்கள். ஒரு நிமிடத்துக்குள் மணல் அடியில் உட்கார்ந்துவிடும். வண்டல் சில மணி நேரம் எடுத்துக்கொள்ளும். களிமண் மறுநாளும் தண்ணீரைக் கலங்கலாகவே வைத்திருக்கும், அழுகிய இலைத் துணுக்குகள் மேலே மிதக்கும். இதே குலுக்கலை ஆறுகள் லட்சக்கணக்கான வருடங்களாகச் செய்துவருகின்றன, அந்த அடுக்குகள் இறுகித்தான் படிவுப் பாறை என்று சொல்லலாம். மரத்தடி மண், மைதான மண், வாசல் மண் என்று மூன்று பாட்டில் வைத்தால் மூன்றும் மூன்று மாதிரி படியும். பெற்றோர் சிரித்தால் அந்த பாட்டில்களைக் கையில் கொடுத்து, எதில் எந்த இடத்து மண் என்று கேளுங்கள்.

கேள்வி: மகளின் மூன்றாம் வகுப்பை ஓர் ஓடைக்கரைக்கும் பக்கத்துப் பாறைக்கும் கூட்டிப் போகிறார்கள். உதவிக்கு வரும் பெற்றோரில் நானும் ஒருவன். நான் கணக்கு எழுதுகிற ஆள், கல்லைப் பற்றி ஒன்றும் தெரியாது. "அங்கிள், இது என்ன கல்?" என்று கேட்டால் என்ன செய்வது?
– கவலையில் ஓர் அப்பா

பதில்: பெயர் தெரியாதது உங்களுக்கு ஒரு வரம். தெரிந்தவர்கள் உடனே "கிரானைட்" என்று சொல்லிவிடுவார்கள், கேட்ட பிள்ளை சரி என்று கல்லைக் கீழே போட்டுவிட்டு அடுத்ததை எடுக்கும். பெயர் சொன்னதுமே பார்ப்பது நின்றுவிடுகிறது. தெரியாதவர் என்ன செய்வார்? "தெரியலையே, குடு பார்ப்போம்" என்று வாங்கிப் பார்ப்பார். அதைத்தான் பிள்ளைகள் உங்களிடம் கற்கவேண்டும்.

ஆளுக்கு ஒரு கல், ஒரே ஒரு கல் என்று விதி வையுங்கள். பத்து லென்ஸ் எடுத்துப் போங்கள். லென்ஸைக் கல்லோடு ஒட்டி வைத்துப் பார்ப்பார்கள், ஒன்றும் தெரியாது. லென்ஸைக் கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்து, கல்லை மெல்ல முகத்தை நோக்கிக் கொண்டுவரச் சொல்லுங்கள். தெளிந்ததும் "ஹா!" என்று ஒரு சத்தம் வரும். உள்ளே மணி மணியாக, வேறு வேறு நிறத்தில், நடுவே மினுமினுப்பாகத் தெரிந்தால் அது பூமிக்கடியில் மெதுவாக ஆறிய பாறைக்குழம்பாக இருக்கலாம். மெதுவாக ஆறினால் மணிகள் பெரிதாக வளர நேரம் கிடைக்கும், எரிமலையிலிருந்து கொட்டிச் சீக்கிரம் ஆறினால் மணி கண்ணுக்கே தெரியாத அளவுக்குப் பொடியாக, கல் பெரும்பாலும் ஒரே கறுப்பாக இருக்கும். மணல் ஒட்டிய மாதிரி அடுக்கடுக்காக இருந்தால் தண்ணீரோ காற்றோ கொண்டுவந்து படியவைத்தது. இந்த இரண்டைத் தெரிந்துகொண்டு போனால் அன்றைக்கு நீங்கள் தப்பித்துக்கொள்வீர்கள்.

நகத்தால் கீறிப் பார்க்கட்டும். இது சும்மா விளையாட்டு இல்லை. 1812-ல் ஃபிரெடரிக் மோஸ் என்பவர் எது எதைக் கீறும் என்று பார்த்தே கனிமங்களை 1 முதல் 10 வரை வரிசைப்படுத்தினார், இன்றைக்கும் அந்த வரிசைதான் புழக்கத்தில் இருக்கிறது. நம் நகம் அதில் சுமார் இரண்டரை, குவார்ட்ஸ் என்ற கனிமம் 7, வைரம் 10. ஒரு சின்னக் குப்பியில் வினிகர் கொண்டுபோய், உடைந்த சிப்பியின் மேலோ சுண்ணாம்புக்கல்லின் மேலோ ஒரு சொட்டு விடுங்கள். நுரைத்துக்கொண்டு குமிழ் விடும். லென்ஸ் வைத்துப் பார்த்தால் கல் கொதிப்பது மாதிரி இருக்கும். வினிகரும் சுண்ணாம்பும் சேர்ந்து கார்பன் டை ஆக்சைடு வருகிறது, சோடா பாட்டிலில் இருக்கும் அதே வாயு. குப்பி உங்கள் கையில் இருக்கட்டும், பிள்ளைகளிடம் கொடுத்தால் மூன்றாவது நிமிடம் யார் கண்ணிலாவது பட்டிருக்கும்.

ஓடையின் வளைவில் நின்று ஒரு வேலை கொடுங்கள். வளைவின் வெளிப்பக்கம் கரை அரிக்கப்பட்டுச் செங்குத்தாக இருக்கும், உட்பக்கம் மணல் சேர்ந்து மேடாகியிருக்கும். ஏன் என்று கேட்டுவிட்டு நீங்கள் வாயைத் திறக்காதீர்கள். தண்ணீரில் காய்ந்த இலைகளை விடச் சொன்னால், வெளிப்பக்கம் போகும் இலை வேகமாக ஓடுவதையும் உட்பக்கத்து இலை தூங்குவதையும் பார்த்து அவர்களே சொல்லிவிடுவார்கள். மொழுமொழுவென்ற கல், கூர்மையான கல் இரண்டையும் பக்கத்தில் வைத்து, எது ரொம்ப தூரம் உருண்டு வந்திருக்கும் என்று கேட்பதும் நன்றாக ஓடும்.

காந்தம் கொண்டுபோவீர்களானால் ஒரு பிளாஸ்டிக் பைக்குள் போட்டு மணலில் இழுங்கள். நேராக இழுத்துவிட்டு அப்புறம் கறுப்புத் துகளை நகத்தால் சுரண்டி எடுக்கப் பட்ட பாடு எனக்குத் தெரியும். பைக்குள் இருந்தால், காந்தத்தை வெளியே எடுத்ததும் துகள் தானாக உதிரும். அது பெரும்பாலும் மேக்னடைட் என்ற இரும்புத் தாது. விண்கல் தூசி என்று சிலர் வீடியோ போடுகிறார்கள். விண்வெளித் தூசி பூமியில் விழுவது உண்மைதான், ஆனால் உங்கள் பையில் ஒட்டியதில் கிட்டத்தட்ட எல்லாமே உள்ளூர் இரும்புதான். பிள்ளைகளிடம் பொய் சொல்லி ஆசை காட்டவேண்டாம், மணலுக்குள் இரும்பு இருக்கிறது என்பதே அவர்களுக்குப் பெரிய விஷயம்.

சுத்தியல் வேண்டாம், சில்லு கண்ணில் தெறிக்கும். கல்லை வீட்டுக்குக் கொண்டுவர அந்த இடத்தில் அனுமதி இருக்கிறதா என்று முதலிலேயே கேளுங்கள், இல்லையென்றால் படம் வரைந்துகொண்டு இருந்த இடத்திலேயே வைத்துவிடவேண்டும். தண்ணீர் கணுக்காலுக்கு மேல் எங்கேயும் கூடாது, மேல்பக்கம் மழை பெய்திருந்தால் அன்றைக்கு ஓடையே கூடாது. ஆறு பிள்ளைக்கு ஒரு பெரியவர் என்பது என் கணக்கு, ஓடைக்கரையில் நாலு பிள்ளைக்கு ஒருவர்.

போகும் வழியில் பஸ்ஸில் சொல்ல ஒரு கதை வேண்டுமானால், மேரி ஆனிங் என்று இங்கிலாந்தில் ஒரு ஏழைப் பெண் இருந்தாள். கடற்கரைப் பாறைச்சரிவில் அவளுடைய அண்ணன் 1811-ல் ஒரு மண்டை ஓட்டைக் கண்டான். மீதி உடம்பை அடுத்த வருடம் அவள் தேடிக் கண்டுபிடித்தாள். இக்தியோசர் என்று பின்னால் பெயர் பெற்ற கடல் ஊர்வன. அப்போது அவளுக்கு வயது பன்னிரண்டு வாக்கில். மூன்றாம் வகுப்பு இதைக் கேட்டுவிட்டு இறங்கினால் ஒவ்வொரு கல்லும் மண்டை ஓடாகத்தான் தெரியும், அது உங்கள் பொறுப்பு.

கேள்வி: பள்ளியில் இரவு வான்நோக்கு நிகழ்ச்சி. என் ஆறு வயது மகன் ஒரு மணி நேரம் வரிசையில் நின்றான். டெலஸ்கோப்பில் கண்ணை வைத்துவிட்டு "பார்த்தேன்" என்று அங்கே சொன்னவன், வீட்டுக்கு வந்து "ஒண்ணுமே தெரியலம்மா" என்று அழுதான். கண்ணில் கோளாறா?
– ஓர் அம்மா

பதில்: கண்ணில் இருக்க வாய்ப்பில்லை, சந்தேகம் என்றால் ஒருமுறை காட்டிவிடுங்கள். வரிசையில் பின்னால் இருபது பேர் நிற்க, பக்கத்தில் ஒரு பெரியவர் "தெரியுதா, தெரியுதா" என்று கேட்டால் எந்தப் பிள்ளையும் "ம்" என்றுதான் சொல்லும். நானே சொல்லியிருக்கிறேன்.

ஆறு வயதுக்கு ஒரு கண்ணை மட்டும் மூடுவதே கஷ்டம். ஒரு கண்ணை மூடினால் இன்னொன்றும் கூடவே மூடிக்கொள்ளும். எட்டாத உயரத்துக்கு எக்கும்போது பிள்ளை பிடிமானத்துக்குக் கண்ணருகு லென்ஸையே பிடிக்கும், டெலஸ்கோப் ஆடும், நிலா ஓடிப்போகும். நிகழ்ச்சி நடத்துகிறவர்களிடம் சொல்லுங்கள்: உறுதியான ஒரு படி ஸ்டூல் போடட்டும், பிள்ளைகள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பார்க்கட்டும், இன்னொரு கண்ணைத் தங்கள் உள்ளங்கையால் பொத்த வேண்டுமானால் ஒரு கையை மட்டும் அவிழ்க்கலாம். பார்த்த கையோடு ஒரு தாளில் வரையச் சொன்னால், யார் பார்த்தார்கள் யார் "ம்" போட்டார்கள் என்பது உடனே தெரிந்துவிடும். பார்க்காதவரை மறுபடி ஏற்றிவிடலாம், திட்டு எதுவும் இல்லாமல்.

தேதியும் முக்கியம். பௌர்ணமி அன்றைக்கு நிகழ்ச்சி வைக்கிற ஆசை எல்லோருக்கும் வரும், டெலஸ்கோப்பில் பௌர்ணமி நிலா கண் கூசும் ஒரு வெள்ளைத் தட்டு. அமாவாசைக்கு ஏழெட்டு நாள் கழித்து அரை நிலாவைப் பாருங்கள். வெளிச்சமும் இருட்டும் சந்திக்கிற கோட்டில் பள்ளங்களின் விளிம்பு நிழலோடு எழுந்து நிற்கும். சாயங்காலம் ஏழு மணிக்கே உயரத்தில் இருக்கும், பிள்ளைகள் தூங்குவதற்குள் முடித்துவிடலாம். சனிக்கோள் கிடைக்கிற மாதமென்றால் அதுவும் சரி, வளையத்தைப் பார்த்துவிட்டு லென்ஸில் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறீர்களா என்று பெரியவர்களே கேட்பார்கள். நெபுலா என்கிற வாயு மேகம், காலக்ஸி என்கிற நட்சத்திரக் கூட்டம் எல்லாம் வேண்டாம். போட்டோவில் பார்த்த நிறம் எதுவும் கண்ணுக்குத் தெரியாது, சாம்பல் நிறத்தில் ஒரு பஞ்சுதான்.

கேள்வி: சூரிய கிரகணத்தன்று பிள்ளைகளை வெளியே அழைத்துப்போகலாமா? எக்ஸ்ரே ஃபிலிம் வைத்துப் பார்க்கலாம் என்கிறார் ஒரு சக ஆசிரியர்.

பதில்: அழைத்துப்போகலாம், அழைத்துப்போகவும் வேண்டும். எக்ஸ்ரே ஃபிலிம், கூலிங் கிளாஸ், புகை படிந்த கண்ணாடி மூன்றும் கூடவே கூடாது. விழித்திரையில் வலி தெரியாது, சுட்டது சுட்டபடி இருக்கும், பிள்ளைக்கு அப்போது ஒன்றும் தெரியாது. ஐஎஸ்ஓ 12312-2 என்ற சர்வதேசத் தரம் உள்ள கிரகணக் கண்ணாடி மட்டும், அதுவும் கீறல் இல்லாததா என்று பார்த்து. அந்தக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பைனாகுலரில் பார்க்கவும் கூடாது.

என்னைக் கேட்டால் சின்ன வகுப்புக்குக் கண்ணாடியே வேண்டாம், சூரியனுக்கு முதுகைக் காட்டி நிற்கவைத்து மரத்தடியைப் பார்க்கச் சொல்லுங்கள். சாதாரண நாளிலேயே இலை இடுக்கு வழியாகத் தரையில் விழும் வெளிச்சப் பொட்டுகள் வட்டமாகத்தான் இருக்கும், இடுக்கு எந்த வடிவத்தில் இருந்தாலும். ஒவ்வொரு வட்டமும் சூரியனின் படம். கிரகணம் பிடிக்கப் பிடிக்க அத்தனை வட்டமும் பிறையாக மாறும், மரத்தடி முழுக்க நூறு நூறு பிறை. மரம் இல்லையா, ஓட்டை போட்ட ஒரு அட்டை போதும், விரல்களைக் குறுக்கும் நெடுக்குமாகக் கோத்துப் பிடித்தாலும் போதும்.

கேள்வி: வானிலை நிலையத்துக்குக் கூட்டிப் போகச் சொல்கிறார்கள். ஒரு வெள்ளைப் பெட்டி, ஒரு உருளை. போரடிக்காதா?

பதில்: பார்த்துவிட்டு வந்தால் போரடிக்கும். அந்த வெள்ளைப் பெட்டி ஏன் வெள்ளை, ஏன் ஜன்னல் பலகை மாதிரி இடைவெளி, ஏன் தரையில் வைக்காமல் காலில் நிற்கிறது என்று மூன்று "ஏன்" கொடுத்து அனுப்புங்கள். உள்ளே இருக்கும் வெப்பமானிக்கு நிழலும் வேண்டும், காற்றும் வேண்டும், தரைச் சூடும் படக்கூடாது. இதையெல்லாம் யோசித்து அதை வடிவமைத்தவர் தாமஸ் ஸ்டீவன்சன் என்ற கலங்கரை விளக்கப் பொறியாளர். அந்த உருளையை, அதாவது மழைமானியைப் பார்த்து வந்ததும் பள்ளியில் நேரான சுவர் உள்ள ஒரு டப்பாவும் ஒரு ஸ்கேலும் வைத்து மழையை அளக்கவிடுங்கள். ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு சதுர மீட்டர் தரையில் ஒரு லிட்டர் தண்ணீர். மொட்டை மாடியில் சாக்பீஸால் சதுரம் போட்டு அதில் ஒரு லிட்டரை ஊற்றிக் காட்டினால் டிவியில் சொல்லும் எண்ணுக்கு அப்புறம் ஓர் உருவம் இருக்கும்.

கேள்வி: என் வகுப்பில் ஒரு பெண் சக்கர நாற்காலியில் வருகிறாள். பாறைப் பகுதிக்குப் போகும் அன்று அவளை வகுப்பிலேயே விட்டுவிட்டு வேறு வேலை கொடுக்கலாம் என்கிறார்கள். உங்கள் கருத்து?

பதில்: வகுப்பில் விட்டுவிட்டுப் போகக்கூடாது. இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போதே அவளை முதலில் நினைத்துத் தேர்ந்தெடுங்கள், அவளுக்குப் பாதை இருக்கும் இடம் கை நிறையப் பை தூக்கிவரும் உங்களுக்கும் நல்லதுதான். சாலைக்காக வெட்டிய பாறைச்சுவர் பல இடங்களில் போக்குவரத்து இல்லாத பழைய பாதையோரம் இருக்கும், அடுக்குகள் கண் உயரத்தில் தெரியும், ஏறவே வேண்டாம். ஒருமுறை நீங்களே சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு முன்கூட்டிப் போய்ப் பாருங்கள். கழிப்பறை வரைக்கும்.

கேள்வி: எட்டுப் பக்க ஒர்க்‌ஷீட் தயார் செய்திருக்கிறேன். போதுமா?

பதில்: ஏழரைப் பக்கம் அதிகம். கையில் தாளும் பென்சிலும் இருந்தால் பிள்ளை பக்கத்தில் இருப்பவரின் தாளைப் பார்க்கும், பாறையைப் பார்க்காது. அரைப்பக்கம், ஒரு படம், அதன் கீழே "எனக்கு இன்னும் புரியாதது" என்று ஒரு வரி. அந்த வரிகளைச் சேர்த்து வையுங்கள், அடுத்த மாதத்துப் பாடம் அதில் இருக்கும்.

கேள்வி: நிலா ராத்திரிதான் வரும்னு மிஸ் சொன்னாங்க. நாங்க மைதானத்துக்குப் போனப்போ மத்தியானம் நிலா இருந்துச்சு. நான் சொன்னேன், மிஸ் மேகம்னு சொல்லிட்டாங்க. அது நிலாதானே?
– இரண்டாம் வகுப்பு (அப்பா எழுதிக் கொடுத்தது)

பதில்: நிலாதான் கண்ணா, நீ சரியாகத்தான் பார்த்திருக்கிறாய். நிலா சராசரியாக ஒரு நாளில் பாதி நேரம் வானத்தில் இருக்கிறது. அந்த நேரம் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிப்போகும், அதனால் சில நாள் இராத்திரி முழுக்க இருக்கும், சில நாள் பகலில் வந்து நிற்கும். வளர்கிற அரை நிலா மத்தியானம் உதித்து நடு இரவில் மறையும். தேய்கிற அரை நிலா நடு இரவில் உதித்து மறுநாள் மத்தியானம் வரை இருக்கும். நீ பார்த்தது மத்தியானத்துக்கு அப்புறம், சூரியன் மேற்கே சாய்ந்தபோது கிழக்குப் பக்கம் என்றால் அது வளர்கிற நிலா.

ஒன்று செய். நாளைக்கும் அதே நேரம், அதே இடத்தில் நின்று பார். நேற்று இருந்த இடத்தைவிடத் தள்ளி இருக்கும், கொஞ்சம் குண்டாகவும் இருக்கும். ஒரு வாரம் தினமும், அது தெரிகிற நேரத்தில், ஒரு படம் வரைந்து, எந்த மரத்துக்கு மேலே இருந்தது என்று அந்த மரத்தையும் சேர்த்து வரைந்துவை. ஏழு படமும் ஆனதும் மிஸ்ஸைக் கூப்பிட்டு, அவங்க கையைப் பிடித்துக்கொண்டு மைதானத்துக்குக் கூட்டிப் போ.